செருப்பு மாட்டியபின் நினைவு திரும்புதல்: ஓர் ஆய்வு

கதவைத் தாண்டினால் மறதி வரும் என்பது மேலைநாட்டு அறிஞர் துணிபு. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடுத்த அறைக்குப் போகிறவர், அதே தூரத்தை ஒரே அறைக்குள் நடந்தவரைவிட அதிகம் மறக்கிறார். வாசல் தாண்டியதும் மூளை அதுவரை நடந்ததை மூட்டை கட்டிவிடுகிறதாம். மனதில் வேறு சுமையும் இருந்தால்தான் கதவு இந்த வேலையைக் காட்டும் என்று 2021இல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தார் திருத்தம் சொன்னார்கள்.

இரு தரப்பாரும் நம் வீட்டு அத்தையைப் பரிசோதிக்காதது ஆய்வுலகின் துரதிர்ஷ்டம்.

கூடத்தில் இரண்டு மணி நேரம். காபி, முறுக்கு, தக்காளி விலை, யாருக்கோ நடந்த முழங்கால் ஆபரேஷன் எல்லாம் பேசியாகிவிட்டது. "போயிட்டு வர்றேன்" என்று எழுந்து, குங்குமம் எடுத்துக்கொண்டு, அத்தை வாசலுக்கு வருகிறார். ஒரு கால் செருப்பு மாட்டியாயிற்று. மற்றது குப்புறக் கிடக்கிறது. அதைக் கட்டைவிரலால் புரட்டும்போதுதான், "ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அந்த மதுரைப் பையன் ஜாதகம் என்னாச்சு?" வந்ததே அதற்குத்தான். "அதை ஏன் கேக்கறீங்க" என்று அம்மா நிலைப்படியில் சாய்கிறார். தெருவில் மாமா ஸ்கூட்டரைக் கிளப்புகிறார், அணைக்கிறார், மறுபடி கிளப்புகிறார். (ஹார்ன் அடிப்பவர்களும் உண்டு. கல்யாணமாகி ரொம்ப நாளாகாதவர்கள்.)

குதிகாலில் நினைவு நரம்பு ஓடுகிறது, செருப்பு பட்டதும் அது விழிக்கிறது என்ற கருதுகோளை முதலில் பரிசீலித்தோம். ஐயப்பனுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு வந்த சித்தப்பாவிடமும் இதே அறிகுறி தென்பட்டதால் அதைக் கைவிட நேர்ந்தது.

விடை டாக்டர்களிடம் இருக்கிறது. சளி, இருமல் என்று சொல்லி, மருந்துச்சீட்டும் வாங்கிக்கொண்டு, கதவில் கை வைத்தபின் "நெஞ்சுல அப்பப்ப வலிக்குது டாக்டர்" என்பவரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கில மருத்துவ உலகம் இந்தப் பழக்கத்துக்குக் கதவுக் குமிழின் பெயரையே வைத்திருக்கிறது. அவர் வலியை மறந்தா இருந்தார்? சொல்லப் பயந்துகொண்டிருந்தார்.

ஆக, வாசலில் திரும்புவது நினைவல்ல, தைரியம். சோபாவில் உட்கார்ந்து கைமாற்று கேட்டால், இல்லை என்ற பதிலுக்குப் பிறகும் மீதிக் காபியைக் குடித்து முடிக்க வேண்டும். அந்தக் காபி தொண்டையில் இறங்காது. வாசலில் கேட்டால் நடையைக் கட்டலாம். வீட்டுக்காரருக்கும் சௌகரியம்: உள்ளே பால் பொங்கிவிடும்.

கொசு கடிக்கிறதே, வாசலில் நாற்காலி போட்டுவிட்டால் என்ன என்று ஆய்வுக்குழுவின் இளைய உறுப்பினர் யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தோம். அத்தை உட்கார்ந்தார். உடனே தக்காளி விலைக்குத் திரும்பிவிட்டார். ஜாதகப் பேச்சு, அவர் எழுந்து தெரு கேட்டின் கொக்கியில் கை வைத்தபிறகுதான் வந்தது.