வண்டிக்குள்ள ஒரு பலகை

வா பேராண்டி, வா. வண்டிய அந்தப் பனமரத்து நெழல்ல உடு. பனமரத்துக்கு நெழலு எவ்ளோன்னு கேக்காத, மரக்காணத்துல அதுவே அதிகம். ஆயா மோரு கொண்டாருவா, அதுக்குள்ள சொல்லு. வண்டிக்குள்ள இன்னாமோ டேப்லெட்டு வெக்கப் போறியாமே? வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா? சரி, மொறைக்காத. எனக்குத் தெரிஞ்ச டேப்லெட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் முழுங்கறது.

ஓகோ, சிலேட்டு மாதிரி இருக்குமே, அதுவா? எங்கிட்டயும் ஒரு பலகை இருக்கு பாரு, உப்பு வார்ற பலகை. 40 வருசமா இழுத்துகினு இருக்கேன், ஒரு நாளு சார்ஜு கேட்டதில்ல.

நான் வேணாம்னு சொல்லல. அத மொதல்லயே சொல்லிட்றேன். மாட்டு. கண்டிப்பா மாட்டு. இப்ப இருக்கற பாட்டுப் பொட்டிய கழட்டிக் கடாசிட்டு மாட்டு. கழட்டுனத இன்னா பண்ணுவ? சும்மா கேட்டேன்.

எங்க, அந்தப் பலகைய குடு. ஆயாவோட தையல் டேப்பு எடு. பாத்தி கட்டறவன் கயிறு புடிக்காம மண்வெட்டிய தொட மாட்டான். பாட்டுப் பொட்டி உக்கார்ற பொந்துக்கு உலகம் பூரா ஒரு அளவு வெச்சிருக்காங்க, ஜெர்மன்காரன் ஆரம்பிச்சது, 'டின்'னு பேரு. அகலம் 180 மில்லிமீட்டர், ஒசரம் 50. ரெட்ட டின்னுனா ஒசரம் 100. உன் வண்டியில இருக்கறது ரெட்ட டின்னு. உன் கையில இருக்கறது 2012ல வந்த நெக்சஸ் 7. அதோட நீளம் 198 அரை, அகலம் 120. கணக்கு புரியுதா? மாப்ள ஒசரம், வாசப்படி குட்டை. ஒண்ணு மாப்ள தலைய சீவணும், இல்ல நெலைய அறுக்கணும். எல்லாரும் நெலையத்தான் அறுக்கறாங்க. இது பாத்தி வரப்பு இல்ல பேராண்டி, வெட்டிட்டு சேறு பூசி மிதிக்கறதுக்கு. அறுத்த பிளாஸ்டிக்கு அறுத்ததுதான்.

மெட்ராசுல ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வண்டி மாடலுக்குத் தக்க சட்டத்தோட 9 இஞ்சு ஆண்ட்ராய்டு பொட்டியே விக்கறாங்களாமே. அது வேணாமா? கையால பண்ணணுமா? பண்ணு. உங்கொப்பனும் அப்படித்தான், ஒரு வருசம் கையாலயே கோழிக்கூடு கட்டுனான். கோழி எதுவும் உள்ள போவல. அவனே ஒரு மத்தியானம் மழைக்கு ஒதுங்குனான்.

இந்தப் பாத்திக்குள்ள தண்ணி வர்றப்ப 3 டிகிரி இருக்கும். வெயிலும் காத்தும் வேல பாத்து 25 டிகிரிக்கு ஏத்துனா உப்பு எறங்கும். 30 தாண்ட உட்டுட்டு நீ தூங்கிட்டா கசப்பு எறங்கும், யாவாரி நாக்குல வெச்சுட்டுத் துப்பிட்டுப் போயிடுவான். எல்லாத்துக்கும் ஒரு டிகிரி இருக்கு. தெரியும், தெரியும், அது உப்புத்தண்ணி டிகிரி, வெயிலு டிகிரி வேற. நீ காலேஜுல வாங்குனது மூணாவது டிகிரி, அதுக்கு மீட்டரே இல்ல. உன் பலகைக்கும் ஒரு டிகிரி இருக்குன்னு சொல்ல வந்தேன். ஐபேடு செய்யறவனே எழுதி வெச்சிருக்கான்: 35 டிகிரிக்குள்ள ஓட்டு, அணைச்சு வெச்சாலும் 45 தாண்டக்கூடாது, நிறுத்தி வெச்ச வண்டிக்குள்ள உட்டுட்டுப் போவாத. சித்திர மாசத்துல கண்ணாடி ஏத்துன வண்டியோட முன்பலகை இந்த ஊர்ல 45லயா நிக்கும்? ஆயா அதுமேல வத்தல் காயப்போட எடம் கேக்கறா.

உன் மாமன் மவன் வண்டியில ஒண்ண ஒட்டி வெச்சிருந்தான். ரெண்டு கோடைதான். பேட்டரி உப்பி, முன்னாடி இருக்கற கண்ணாடிய தூக்கிகினு நின்னுது. உப்பளத்துக்கு வந்தா எல்லாமே உப்பும்னேன், அவனுக்கு சிரிப்பு வரல. அந்த வீக்கத்த ஊசியால குத்தி காத்த எறக்கலாம்னு பாத்தான். லித்தியம் பேட்டரியப்பா, குத்துனா தீப்புடிச்சுக்கும். ஆயாதான் ஊசிய புடுங்குனா. அதனால, கழட்டி எடுக்கறாப்ல மாட்டு. எறங்கறப்ப கையோட எடுத்துகினு உள்ள வா. உனக்கு பேட்டரி பொழைக்கும், ஆயாவுக்கு சீரியல் கெடைக்கும்.

அடுப்பங்கரையில அந்த உப்பு ஜாடிய தொறந்து பாரு. ஐப்பசி மாசம் வந்து பாரு இன்னும் நல்லா. சுத்தமான உப்பே காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுனா தண்ணி குடிச்சுக் கரைய ஆரம்பிச்சுடும். நம்ம அளத்து உப்புல மெக்னீசியம் இருக்கு, அதுக்கு அவ்ளோ ஈரம்கூட வேணாம், அதுக்கு முன்னாடியே கசியும். இப்ப நீ மூச்சு இழுத்தியே, அந்தக் காத்துலயும் அதே உப்புதான் பொடியா மெதக்குது. அது உன் ஒயரு முனையில போயி உக்காரும், ராத்திரி தண்ணி குடிக்கும், பகல்ல காயும், மறுபடி குடிக்கும். நாலு மாசத்துல செம்புக் கம்பி பச்சக் களிம்பு கட்டும். அப்பறம் நீ 'நெட்டு சரியில்ல, நெட்டு சரியில்ல'ன்னு டவரத் திட்டுவ. கம்பிய முறுக்கி கறுப்பு டேப்பு சுத்தற வேல இங்க ஆவாது, வெயில்ல டேப்போட பசை எளகி அதுவே அவுந்துகினு தொங்கும். பத்து வெச்சு, சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்குமே ஒரு குழாயி, அதப் போட்டு மூடு. ரிச்சி தெருவுல முழக்கணக்குல குடுப்பான்.

கரண்டுக்கு இன்னா பண்ணப் போற? சிகரெட் பத்தவெக்கற ஓட்டையில சொருகற சார்ஜரா? பழைய சார்ஜரு அர ஆம்பியர்தான் குடுக்கும். மேப்பு ஓடிகினு, பாட்டு பாடிகினு, வெளிச்சத்த முழுசா வெச்சுகினு இருக்கற பலகை 2 ஆம்பியர் கேக்கும். ஊத்தறது ஒரு சொம்பு, ஒழுவறது நாலு சொம்பு. சொருகியிருக்கறப்பவே சார்ஜு எறங்கிகினே வரும், பாதி வழியில இருட்டிகினு ஒக்காந்துடும். வண்டி பேட்டரி 12 வோல்ட்டு, இன்ஜின் ஓடுனா 14 கிட்ட. அத 5க்கு எறக்கற சின்ன பொட்டி ஒண்ணு வாங்கி உள்ள வெச்சு, நடுவுல ஒரு ஃபியூஸ் போட்டுடு. அத சாவி திருப்புனா மட்டும் உசுரு வர்ற ஒயர்ல குடு. மஞ்ச ஒயரு எப்பவும் உசுரோட இருக்கறது, செவப்பு சாவிக்குக் கட்டுப்பட்டது, கறுப்பு எர்த்து. மஞ்சள்ல குடுத்தின்னா ராத்திரி பூரா உறிஞ்சும். திங்கக்கெழம காலையில நீ ஆபீஸ் டை கட்டிகினு வண்டிய தள்ளிகினு போவ. நான் பின்னாடி நின்னு கை தட்டுவேன், கை குடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு. நாலு ஸ்பீக்கருக்கும் பலம் குடுக்கற ஆம்பிளிஃபையர் பழைய பாட்டுப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. பலகைக்கு அந்த வலு கெடையாது, காதுல சொருகறதுக்குப் பாடும், அவ்ளோதான். சில கெட்டிக்காரனுங்க இன்னா பண்றானுங்க, பழைய பொட்டிய தூக்கிப் போடாம டேஷ்போர்டு அறைக்குள்ள மறைச்சு வெச்சுட்டு, பலகைலேந்து ஒரு ஆக்ஸ் ஒயர அதுல சொருகிக்கறானுங்க. செலவே இல்ல. ஆனா அது கஞ்சத்தனம் பேராண்டி. நம்ம குடும்பத்துக்கு அழகில்ல. நீ தனியா நாலு சேனல் ஆம்பிளிஃபையரு வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சுக்க. இன்ஜின் வேகத்துக்குத் தக்க 'ங்ஙொய்ய்'னு கொசு கத்தறாப்ல கேட்டா, எர்த்து ரெண்டு எடத்துல போயிருக்குன்னு அர்த்தம். ஒரே எடத்துல கொண்டாந்து கட்டு.

அந்தக் காலத்துல உப்பு வித்த உமணருங்க, வண்டிக்கு அடியில ஒரு அச்ச சும்மா கட்டித் தொங்க உட்டுகினு போவாங்களாம், வழியில அச்சு முறிஞ்சா மாத்திக்க. சேம அச்சுன்னு பேரு. புறநானூறுல ஔவையாரு பாட்டுல வருதுன்னு தமிழ் வாத்தியாரு சொல்லுவாரு. நம்ம ஊரு எயிற்பட்டினமா இருந்த காலத்து சங்கதி. அந்த மாதிரி நீயும் பழைய பொட்டிய சேம அச்சா... இல்ல, இல்ல. அது மாட்டு வண்டிக்கு. உன்னுது மோட்டாரு. பொட்டிய வெளிய எடுத்துடு.

சரி, பலகையில இன்னா பாக்கப் போற? மேப்பா? மெட்ராசுலேந்து மரக்காணம் வர்றதுக்கு மேப்பு! கடல இடது கைப்பக்கம் வெச்சுகினு வா, உப்பு வாசன அடிச்சா எறங்கு. போறப்ப கடல வலது கைக்கு மாத்திக்க. அவ்ளோதான் ஈசிஆரு. ஆனா ஒண்ணு, நீ தப்பிச்சே. வைஃபை மட்டும் இருக்கற ஐபேடுல ஜிபிஎஸ்ஸே கெடையாது, அத வாங்கிகினு வந்து மாட்டுனவனுங்க இருக்கானுங்க. உன் நெக்சஸ்ல இருக்கு. வீட்லயே மேப்ப எறக்கி வெச்சுக்க, டவரு இல்லாத எடத்துலயும் காட்டும். மேப்புல நம்ம கழுவெளி ஏரி ஒரு நீலத் திட்டாத்தான் தெரியும். 2021ல பறவைங்க சரணாலயம்னு அறிவிச்சாங்க, பூநாரை வந்து நிக்கும். நீ பலகைய பாத்துகினு வா, பூநாரை உன்னப் பாத்துக்கும்.

சிரிக்காத. 80ல ஓட்டுனின்னா ரெண்டு செகண்டுல 44 மீட்டர் போயிடற. போன பங்குனியில உப்பு மூட்டைய சைக்கிள்ல வெச்சு ரோட்ட தாண்டுனேன், நான் தாண்டி முடிக்க அதுக்கு மேலயே ஆச்சு. அப்ப ஒருத்தன் இப்படித்தான், குனிஞ்சு எதையோ தடவிகினு வந்தான். ஆரனும் அடிக்கல, பிரேக்கும் புடிக்கல. மூட்ட மட்டும் அவுந்து ரோடெல்லாம் வெள்ளையா கெடந்துது. கண்ணாடிய எறக்கிட்டு 'தாத்தா, பாத்து வரக்கூடாதா?'ன்னு கேட்டான். நானும் 'பாத்துகினுதான் வந்தேன் சாமி, நீ எத பாத்துகினு வந்த?'ன்னு கேட்டேன். பாட்டு மாத்திகினு இருந்தானாம். இன்னா பாட்டுன்னு கேட்டேன். சொல்லல.

டீக்கடை பேப்பர்ல ஒரு சேதி படிச்சேன். 2022ல சுவீடன்ல ஒரு கார் பத்திரிகைக்காரன் 110 கிலோமீட்டர் வேகத்துல உட்டு, ரேடியோ மாத்து, ஏசி கூட்டுன்னு நாலு வேல குடுத்து பாத்தான். 2005ல வந்த பழைய வால்வோ, எல்லாம் திருகறது அமுக்கறதுதான், 10 செகண்டுல, 306 மீட்டருக்குள்ள முடிஞ்சிடுச்சு. தடவற திரை வெச்ச புது வண்டி ஒண்ணுக்கு 44.6 செகண்டு ஆச்சாம், 1,372 மீட்டர் போயிருந்துதாம். இங்கேந்து பூமீஸ்வரர் கோயில் வாசல்ல போயி நின்னு, 'சாமி, ஏசி எங்கிருக்கு?'ன்னு கேக்கற தூரம். இப்ப ஐரோப்பாவுல வண்டிக்கு நட்சத்திரம் குடுக்கறானே யூரோ என்கேப்பு, அவன் 2026லேந்து இண்டிகேட்டரு, வைப்பரு, ஆரனுக்கெல்லாம் கைக்குத் தட்டுப்படற சுவிட்சு இல்லன்னா முழு மார்க்கு கெடையாதுன்னுட்டான். அவன் குமிழுக்குத் திரும்பறான், நீ குமிழ கழட்டற. நல்லது, ரெண்டு பேரும் வழியில பாத்துக்குங்க.

அதனால ஏசி குமிழ மட்டும் தொடாத. போலீசு கேட்டா வழி பாக்கறேன்னு சொல்லு, 2020 அக்டோபர் 1லேந்து அதுக்கு மட்டும் விதியில எடம் குடுத்திருக்காங்க, அதுவும் ஓட்டறவன் கவனம் கலையாம. சினிமா ஓடுச்சுன்னா நான் ஜாமீனுக்கு வர மாட்டேன்.

நிவர் புயலு ஞாவம் இருக்கா? 2020 நவம்பர் 25 ராத்திரி, நம்ம பக்கம்தான் கரை ஏறுச்சு. கரண்டு இல்ல, போனு செத்துப்போச்சு. நான் உன் மாமன் வண்டிக்குள்ள குந்திகினு ரேடியோவ திருகித் திருகி, புயலு எங்க நிக்குதுன்னு விடிய விடிய கேட்டேன். திரையில்ல, நெட்டு இல்ல, கொரலு மட்டும். அதுலேந்து எனக்கு அந்தப் பொட்டி மேல ஒரு இது. சும்மா சொன்னேன்.

மோரு குடி. குடிச்சுட்டு ஸ்குரூ டிரைவர எடு. பொட்டிய கழட்டறப்ப ஒயர சட்டுனு வெட்டிடாத, பொட்டிப் பக்கம் ஒரு சாண் நீளம் உட்டு வெட்டு. மஞ்சளையும் செவப்பையும் சேத்து முறுக்கி பேட்டரி பிளஸ்ல குடுத்து, கறுப்ப மைனஸ்ல குடுத்தா பாடுமாமே? ஏரியலுக்கு ஒரு கம்பி போதுமாம். எனக்கெப்படி தெரியும்னா கேக்கற? போயி அளத்துக் கொட்டாயில பாரு. டிராக்டர்லேந்து கழட்டுன பேட்டரி ஒண்ணு பலகை மேல இருக்கு, பக்கத்துல வாய் அகலமா ரெண்டு பானை இருக்கும். ஸ்பீக்கரு அதுக்கு சரியா உக்காருதான்னு போன மாசமே அளந்துட்டேன்.