சோளகம் நுழையாத வீடு

மன்னார்த் தீவின் பேசாலையில் எங்கள் அம்மம்மாவின் வீடு பனையோலை வீடு. சோளகம் அடிக்கிற தென்மேற்குப் பக்கத்தில் செத்தை இடுப்பளவோடு நின்றுவிடும்; அதற்கு மேலே வெறும் திறப்பு. வாடையும் மழையும் வருகிற வடகிழக்கில் குனிந்துதான் நுழையலாம், தாழ்வாரம் அவ்வளவு பதிவு. வளை, கைமரம், சிலாகை எல்லாம் பனை. நிலம் சாணி போட்டு மெழுகியது. ஓலை இற்றுப்போனால் அயலவர்கள் கூடிவந்து வேய்வார்கள். கழித்த ஓலை தென்னையடிக்குப் பசளையாகப் போகும். வைகாசி மத்தியானத்திலும் பாயை விரித்தால் நித்திரை வரும்.

குறையும் உண்டு. பொறி பட்டால் சாம்பல், பெருங்காற்றில் கூரை பறக்கும். 1964 மார்கழிப் புயலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அம்மம்மா சிலுவை போட்டுக்கொள்வார். அவர் கல்வீட்டுக்கு ஆசைப்பட்டது நியாயம்தான்.

1990இல் போருக்குத் தப்பிப் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். திரும்பி வந்து கட்டிய வீடு சீமெந்துக் கல், அஸ்பெஸ்டாஸ் சீட். கொழும்பில் எவரோ கட்டிய வீட்டின் படத்தைப் பார்த்துக் கட்டினோம். யன்னல்கள் எல்லாம் வீதியைப் பார்க்கின்றன. தென்மேற்கில் முழுச்சுவர், அதில் அலுமாரி சாய்ந்து நிற்கிறது. பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டை எங்கள்மேல் விடுகிறது.

தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். எங்கள் சுவரில் முட்டித் திரும்புகிற அதே காற்றில்தான் அவை சுற்றுகின்றன. நாங்கள் பூட்டிய வீட்டுக்குள் ஃபேனைப் போட்டு, மாதம் முடியக் கரண்ட் பில் கட்டுகிறோம்.

இது எங்கள் வீட்டுப் பிழை மட்டுமல்ல. 2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்துவீடுகள் தர அரசாங்கம் திட்டமிட்டது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். இந்த வெக்கைக்கு இரும்பு ஆகாது, அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று எதிர்ப்பு எழுந்தது. அதற்கு முன்பே இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயைக் கையில் கொடுத்து, வீட்டுக்காரரே நின்று கட்ட விட்டிருந்தார்கள். இருக்கப் போகிறவரைக் கேட்டுக் கட்டுவதுதான் முறை. அயலவரையும் நினைக்க வேண்டும்: தீவு முழுக்க மணல், கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். கழிப்பறைக் குழியை ஏனோதானோவென்று வெட்டினால் பக்கத்து வளவுக் கிணறு கெடும்.

ஓலை வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. கல்லிலேயே கட்டுங்கள். ஆனால் மேசனுக்கு முற்பணம் கொடுக்குமுன் சோளகக் காலத்தில் ஒரு பின்னேரம் உங்கள் வளவில் போய் நில்லுங்கள். காற்று முகத்தில் படுகிற பக்கத்தில் பெரிய யன்னலை வையுங்கள்.