ஒலிபரப்பாகிறார் அங்கிள்ஜி

சமுதாய வானொலியில் ஒலிப்பதிவு இருக்கிற நாளில் அங்கிள்ஜியைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். மொடமொடவென்று கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபோல்டர். “ரேடியோவில் யார் உங்க சட்டையைப் பார்க்கப்போறாங்க?” என்று வீட்டம்மா கேட்டால், “சட்டை கசங்கினா குரலும் கசங்கிடும்” என்பார்.

ஆள் ராமநாதபுரத்துக்காரர். மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வுபெற்றவர். ஆர்.கே. புரத்து அரசுக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ரிடையரானதும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்திலேயே முனிர்கா டி.டி.ஏ. ஃபிளாட்டில் குடியேறியவர். தில்லியில் இப்படி ஒருவர் காலனிக்குக் காலனி உண்டு. மயூர் விஹாரில் இருப்பவருக்கு யமுனைதான் விஷயம். 2023 ஜூலையில் ஆறு 208.66 மீட்டரைத் தொட்டதையும், அதற்கு முன் 1978இல் 207.49 வரை வந்ததையும் தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோல ஒப்பிப்பார். நம்மவருக்கு வாய்த்தது லோதி வம்சம். ஆர்.கே. புரம் செக்டர் 3இல் பிஜ்ரி கான் கல்லறை, செக்டர் 5இல் வஜீர்பூர் கும்பட், அதன் பக்கத்தில் ஒரு படிக்கிணறு என்று செக்டருக்கு ஒரு பிரபுவைப் புதைத்துவைத்திருக்கும்போது அவர்தான் என்ன செய்வார்?

கேள்வி எதுவாக இருந்தாலும் பதில் சுல்தானிடமிருந்துதான் புறப்படும்.

“அங்கிள்ஜி, குழாயில் மூணு நாளா தண்ணி வரலையே?” என்று இதழியல் படிக்கும் அந்தத் தொகுப்பாளினிப் பெண் ஆரம்பிப்பாள்.

“பேட்டா, அதுக்கு நாம அலாவுதீன் கில்ஜியிலேருந்து வரணும்.”

ஹௌஸ் காஸ் ஏரியைக் கில்ஜி வெட்டினான், அது தூர்ந்துபோனது, பிறகு ஃபிரோஸ் ஷா துக்ளக் வந்து தூர்வாரினான் என்பது வரை வரலாறு. “டெண்டர் விடாமலே தூர்வாரினான்” என்பது அங்கிள்ஜியின் சொந்தச் சேர்க்கை. இத்தனையும் ஆண்பால், பெண்பால் பேதம் பார்க்காத சமத்துவ இந்தியில்.

சாக்கடை என்று வந்துவிட்டால் அவர் மேதை. ஒரே மாநகராட்சியை 2012இல் மூன்றாக வெட்டியதையும் 2022இல் மறுபடி ஒட்டியதையும், நடுவில் எந்தெந்தக் கோப்பு எந்தெந்த மேஜையில் தூங்கியிருக்கும் என்ற அனுமானத்தோடு விளக்குவார். “அறுபது அடி ரோடு பி.டபிள்யூ.டி.க்குச் சொந்தம். உள் தெரு மாநகராட்சிக்கு. பாதாளச் சாக்கடை ஜல் போர்டுக்கு. அரசுக் குவார்ட்டர்ஸ் சி.பி.டபிள்யூ.டி.க்கு. அடைப்பு மட்டும் நமக்கு.”

சமுதாய வானொலிக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆரம்பத்தில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த அனுமதியை 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டபோது, அரசியலுக்கு இடமில்லை, சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்று அரசு எழுதிவைத்தது. அரசியல் கூடாது என்ற விதி 1526க்குப் பிறகு நடந்தவற்றுக்குத்தான் பொருந்தும் என்று அங்கிள்ஜி எடுத்துக்கொண்டிருக்கிறார். இப்ராஹிம் லோதியின் நிர்வாகச் சீர்கேட்டை அவர் பிட்டுப் பிட்டு வைக்கும்போது, பாவம், பானிப்பட்டில் செத்தவன் காதில் விழாது. விழ வேண்டிய காதுகளில் விழும்.

இருபது நிமிஷம் தாண்டியதும் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்து கையால் கத்தரி போடுவார்கள். அதற்கும் அவரிடம் மருந்து இருக்கிறது. “அலைவரிசை பொதுச்சொத்துன்னு 1995லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டுது!” என்று தொடர்வார். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலியைத் தொடங்கி இந்தியாவுக்கே வழிகாட்டியவர்கள் தமிழர்கள்தான் என்பது, அடுத்த ஐந்து நிமிஷத்துக்கான அவருடைய தனிப்பட்ட நியாயம்.

வரம்பு என்னவோ 100 வாட் சக்தி, 30 மீட்டர் கோபுரம். ஐந்து, பத்து கிலோமீட்டர் போனால் அதிகம். துவாரகாவில் இருக்கும் சொந்த மகனுக்கே எட்டாது. எட்டாததில் மகனுக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை. மலை மந்திர் படியில் “நேத்து கேட்டீங்களா?” என்று அங்கிள்ஜி மடக்கினால், பத்துப் பேரும் கண்ணை மூடி முருகா என்று விடுவார்கள். விடாமல் கேட்கிற ஒரே ரசிகர், வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் பிரெஸ்வாலா. அவர் விமர்சனமும் கறார்: “இந்த வாரம் லோதி ஜாஸ்தி, சாக்கடை கம்மி.”

ஃபோல்டரில் என்ன இருக்கிறது? பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகளும் புகைப்படங்களும். படத்தை உருவி மைக்கின் மூக்குக்கு நேரே நீட்டி, “இதோ பாருங்கள், வலது ஓரத்தில் தெரிவதுதான் அந்த இலவமரம்” என்பார். தொகுப்பாளினி ஒருமுறை தன்னையறியாமல் எட்டிப் பார்த்து, “ஹாங் ஜி, தெரியுது” என்று நேயர்கள் சார்பில் ஒப்புக்கொண்டாள்.

மரம் என்றால் அவருக்குச் சொந்தக்கதை. புதுதில்லியைக் கட்டிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் ரிட்ஜ் என்னும் மேட்டுக்காட்டில் விதைத்த ‘விலாயதி கீக்கர்’ நம் சீமைக்கருவேலம்தான். “இதுக்குப் பயந்துதான் ராமநாதபுரத்தை விட்டு ஓடிவந்தேன். வந்து பார்த்தா, எனக்கு முன்னாடியே இங்கே போஸ்டிங் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கு!”

சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் அரசுக் காலனிகளை இடித்துக் கட்டும் திட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழப்போகின்றன என்று 2018 ஜூனில் சரோஜினி நகரில் சனங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றபோது, எந்த பிளாக் வாசலில் நாவல், எதில் வேம்பு, எதில் இருவாச்சி கூடு கட்டும் பொந்து என்று தாள் பார்க்காமல் சொன்னவர்கள் இந்த ஜாதிதான். எல்லாரும் டிரான்ஸ்ஃபரில் வந்து டிரான்ஸ்ஃபரில் போகிற ஊரில், குவார்ட்டர்ஸ் நம்பர்கூட இடிபட்டுப் போனபின், இங்கே ஒரு மரம் இருந்தது என்று சொல்ல ஒரு அங்கிள்ஜியாவது வேண்டியிருக்கிறது. அவர் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவார்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் நேரலையில், வஜீர்பூர் படிக்கிணற்றில் லோதி அரசகுமாரிகள் நிலா பார்த்த காட்சியை வர்ணித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. முனிர்கா கிராமத்து ஜாட் பாட்டி ஒருத்தி.

“பேட்டா, அது எங்க எருமை தண்ணி குடிச்ச இடம். அந்தக் கும்பட்டுக்குள்ளே என் மாமனார் வைக்கோல் அடைச்சிருந்தார். அரசகுமாரி எல்லாம் நான் பார்த்ததில்லை.”

அரை நொடி அமைதி. வானொலியில் அரை நொடி என்பது வெகு நேரம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாய்மொழிச் சான்று மிக முக்கியம். மாதாஜியின் கருத்து என் ஆய்வை உறுதிப்படுத்துகிறது” என்றார் அங்கிள்ஜி.

அடுத்த வாரம் பாட்டியையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்துவிட்டார்கள். எந்த வயலின் மேல் எந்த செக்டர் எழுந்தது, யார் நிலம் என்ன விலைக்குப் போனது என்று அவள் பேசப் பேச, அங்கிள்ஜி இரண்டு பேனாவாலும் குறிப்பெடுத்தார். நடுவில் அவள் சட்டென்று திரும்பி, “நீ எந்த ஊரு?” என்றாள்.

“இதே ஊர்தான் மாதாஜி. இந்த இலாகாவே எனக்கு அத்துப்படி.”

“அப்படியா? அப்போ உன் எருமையை எங்கே கட்டியிருந்தே?”

ஃபோல்டரில் அதற்கு மட்டும் ஆவணம் இல்லை.