பலகை மகானுபாவர்

தச்சரின் கண்ணுக்கு மரம் கதவாகவும் கட்டிலாகவும் தோன்றும். ஆனால் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இக்காலத்தில் பெருகிவரும் ஒரு வகை மனிதருக்கோ, பூமியில் மரங்கள் வளர்வதெல்லாம் யாருடைய முகத்தையேனும் தாங்குவதற்காகவே என்பது திடமான சித்தாந்தம். அவரைப் பலகை மகானுபாவர் என்று வைத்துக்கொள்வோம். மணைப்பலகையில் பாட்டனாரின் திருவுருவத்தை அவர் ஒற்றியெடுத்த நாள்முதல், அவ்வீட்டில் எவரும் அதன்மேல் உட்காரத் துணிவதில்லை.

அவருடைய சாஸ்திரம் நுட்பமானது. பலகையை உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் ஜெல்லைத் தடவி, லேசர் அச்சில் எடுத்த படத்தைக் குப்புறப் படியவைத்து, காற்றுக்குமிழி எஞ்சாமல் நீவி, ஓர் இரவு உலரவிட்டு, மறுநாள் நீரில் நனைத்துக் காகிதத்தை விரல் நுனியால் உருட்டியுருட்டி அகற்றினால், படம் மரத்திலே தங்கிவிடும். லேசர் மை என்பது உருகிப் படிந்த பிளாஸ்டிக் தூளாதலால் தண்ணீருக்கு அசையாது. சாதாரண இன்க்ஜெட் மையோ கலங்கிப்போகும். ஆகவே வீட்டில் இன்க்ஜெட் வைத்திருப்பவர்களை அவர் ஆசாரம் கெட்டவர்களாகவே கருதுவார்.

எழுத்துள்ள படத்தை இடம்வலம் மாற்றி அச்சிடவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கும் அவரே, ஒரு கிருஹப்பிரவேசத்துக்கு அளித்த ‘நல்வரவு’ப் பலகையில் அதை மறந்துவிட, “எதிரே ஒரு கண்ணாடி மாட்டிவிட்டால் போயிற்று” என்று பெருந்தன்மையுடன் பரிகாரம் கூறினார். காகித நார் முழுதும் அகலாமல் வெண்மை படர்வதுண்டு; நாமம் தரித்த ஒரு வைஷ்ணவப் பெரியவர் அவ்விதம் முகமெல்லாம் விபூதியுடன் காட்சியளித்தபோது, ஒரு பூச்சு வார்னிஷினால் அவரை மீண்டும் சம்பிரதாயத்துக்குத் திருப்பிய பெருமையும் நம்மவரையே சாரும்.

1756-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து ஜான் சாட்லரும் கை கிரீனும் ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் ஒற்றியதாகப் பிரமாண வாக்குமூலம் அளித்த வரலாற்றைச் சொல்லும்போது அவர் கண்களில் நீர் ததும்பும். அக்காலத்து லிவர்பூல் அண்டைவீட்டார் இந்த வேகத்தை எவ்வாறு சகித்தார்கள் என்பதுதான் கேட்பவர்களின் விசாரம்.

அவர் வரப்போவதாகத் தகவல் கிடைத்தவுடன் மர நாற்காலிகளை உள்ளறையில் பூட்டிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவது உறவினரிடையே வழக்கமாகிவிட்டது. அவரும் வித்தியாசம் பாராட்டாமல் அமர்ந்து, காப்பி அருந்தி, க்ஷேமலாபங்களை விசாரித்துவிட்டு, புறப்படும் தறுவாயில் வாசற்கதவை மேலும் கீழுமாக நிதானமாய்த் தடவிப் பார்த்து, “தேக்குத்தானே?” என்பார்.