பதினான்கு வயதின் 'மாட்டேன்'

கேள்வி: விவாகரத்துக்குப் பின், 14 வயது மகள் அப்பாவைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள். நீதிமன்ற உத்தரவு இருக்கிறதே, கட்டாயப்படுத்தலாமா?

பதில்: உத்தரவு அவளை வாசல்வரை கூட்டிவரும், பேசவைக்காது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. யாரோ தூண்டிவிட்டிருக்கலாமே என்று அப்பா கேட்கலாம். உண்மைதான், 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த ஆபத்தைப் பேசியது. அதைக் கண்டறியத்தான் நீதிபதி பிள்ளையிடம் தனியறையில் பேசுவதும், குடும்பநல ஆலோசகரும். இழுத்துப்போய் உட்காரவைத்தால் வெறுப்புதான் முற்றும். அதற்காக நீங்களாகவே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். அது உத்தரவை மீறுவதாகும். அடியும் அச்சமும் காரணமென்றால் சந்திப்பை நிறுத்தக் கோரி உடனே மனுப் போடுங்கள். டியூஷனும் தோழிகளும்தான் காரணமென்றால், கிழமையையும் நேரத்தையும் அவளிடம் கேட்டு, அதன்படி மாற்றித்தரச் சொல்லி நீதிமன்றத்தில் கேளுங்கள்.