எஞ்சிய வாஷர்: சேசிஸ் இடைச்செருகல்கள் குறித்து ஓர் ஆய்வு

திறந்த காரின் உடல் முறுக்கம் பற்றி அறிஞர் பலர் பலபடப் பேசியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை காரின் அடியில் ஒருமுறைகூடப் படுக்காமல் எழுதப்பட்ட அடிக்குறிப்புகள். ஆதலின் இவ்வாய்வு கராஜ் தரையில், மல்லாந்த நிலையில் தொடங்குகிறது.

மூலநூல், 1989 சிகாகோ கார் கண்காட்சியில் அரங்கேறிய மாஸ்டா மியாட்டா. கூரையுள்ள காரில் கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்து முறுக்கத்தைத் தாங்கும். கூரையை நீக்கினால் அப்பாரம் தரைத்தகட்டின் மேலும் கதவடிச் சட்டங்களின் மேலும் விழும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது உள்கண்ணாடி நடுங்குவது இதனால்தான். காற்றின் குறும்பு என்பாரும் உளர். அவர்க்கு மறுப்பெழுதத் தாள் போதாது. 1994 மாடலில் கம்பெனியாரே கூடுதல் தண்டுகளைச் சேர்த்தனர். ஆக, இடைச்செருகலுக்கு மூலாசிரியரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. நம் பழைய நூல்களுக்கும் இப்படியொரு சான்று கிடைத்திருந்தால் எத்தனை முனைவர் பட்டங்கள் முளையிலேயே கருகியிருக்கும்!

போல்ட் போட்டு மாட்டும் செருகல்கள் நால்வகைப்படும்.

பானட்டுக்குள் இரு சஸ்பென்ஷன் கோபுரங்களை இணைக்கும் தண்டு விருந்தினர்க்குக் காட்டத் தக்கது. வளைய வளையப் பயன் குறையும், பளபளப்பு குறையாது.

கதவுத் தண்டு காலில் இடிக்கும்.

சட்ட உறை, முந்தைய உரிமையாளர் கண்ட இடத்தில் ஜாக்கி வைத்து நசுக்கிய அடிச்சட்டத்துக்கு உரியது.

நான்காவதான பட்டாம்பூச்சித் தண்டு காரின் அடிவயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பரவுவது. ஏனைய மூன்றையும் விடுத்து இதனையே ஆராய்வோம்.

முதற்கண் ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே புகுவோர் பற்றி இக்கட்டுரை ஏதும் கூறாது. ஈமச்சடங்கு வேறு துறை. போல்ட் அனைத்தையும் கையால் மட்டும் திருகி விடுக. எடுத்த எடுப்பில் ஒன்றை இறுக்கியவர்க்கு அடுத்த துளை 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். இது பாடபேதம் எனப்படும். அரத்தால் தீர்ப்பது ஒரு மரபு, சுத்தியலால் தீர்ப்பது மற்றொரு மரபு. கடைசி இறுக்கம், எடை முழுதும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது, டார்க் ரெஞ்ச் கொண்டு. தூக்கி நிறுத்திய உடல் சற்றே கோணும். அந்நிலையில் இறுக்கினால் கோணலுக்கும் சேர்த்து முட்டுக் கொடுத்தவர் ஆவோம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வாஷர் எஞ்சும். துறையின் மையச் சிக்கல் இதுவே.

தண்டு செய்த கம்பெனி அன்போடு ஒன்று கூட்டிப் போட்டது என்பர் கொடை மரபினர். இவர்கள் இரவில் நன்கு உறங்குவர். அந்த வாஷர், தண்டு அடங்கிய பெட்டி வருமுன்பே கராஜில் கிடந்தது என்பர் தொன்மை மரபினர். அங்ஙனமாயின் துரு எங்கே என வினவினால், துரு இல்லாமையே அதன் தொன்மைக்குச் சான்று என்பர். இவர்களுள் ஒருவர் எப்படியும் துறைத்தலைவர் ஆவார்.

இவ்விரண்டையும் மறுத்து எழுந்தது பக்கத்து வீட்டு மாமா அருளிய 'வேலிமேல் உரை'. வாஷர் என்பதே இடைச்செருகலுள் இடைச்செருகல், அது இல்லாமலும் பொருள் நிரம்பும் என்பது அவர் துணிபு. இதற்கு அவர் மருமகன் செய்த 'வேலிமேல் உரை விளக்கம்', அதன் 'அரும்பத அகராதி', அகராதிக்கு மாமாவே கொதித்தெழுந்து வரைந்த 'மருமகன் மதம் மறுத்தல்' (பூர்வ பாகம் மட்டும்; உத்தர பாகம் காப்பி ஆறியதால் நின்றது) ஆகியன கிடைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் எதிராகச் சமையலறை ஜன்னல் வழியே வெளியான மாமியின் நூல் மூன்றே சொற்களால் ஆனது: "கழட்டிட்டு மறுபடி மாட்டுங்கோ."

அவ்வாறே கழற்றி மாட்டப்பட்டது. இம்முறை வாஷர் எஞ்சவில்லை. போல்ட் ஒன்று எஞ்சியது. கம்பெனியின் தாராளம் வளர்ந்து வருகிறது என்பது கொடை மரபினரின் முடிபு.