உப்புப் பெறும் கேள்விகள்

பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்: எந்த உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டாலும் வெள்ளையாகிறது. எங்கள் லேபில் இருப்பதெல்லாம் குளோரைடுதானா?

உப்பை விடுங்கள், முதலில் தண்ணீரை விசாரியுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே குளோரைடு உண்டு. உப்பே போடாத தண்ணீரில் அதே சில்வர் நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கலங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். வாலை வடிநீருக்கு மாறுங்கள்.

அடுத்த சந்தேகம் கார்பனேட் மேல். அதுவும் சில்வர் நைட்ரேட்டுடன் வெளிறிய வீழ்படிவு தரும். அதனால்தான் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விடச் சொல்கிறார்கள். கார்பனேட் இருந்தால் நுரைத்துப் போய்விடும். கைக்கு எட்டுகிறதே என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். தேடுகிற குளோரைடை நீங்களே கொண்டுபோய்ப் போட்டதாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு வந்து, அம்மோனியா விட்டதும் முழுவதும் கரைந்தால் அது குளோரைடு. வெளிர்மஞ்சளாக வந்து கரையத் தயங்கினால் புரோமைடு. நல்ல மஞ்சளாக வந்து கரையவே மறுத்தால் அயோடைடு.

ஒரு தாய், குடியாத்தம்: பிராக்டிகல் முடிந்து வந்த மகளின் விரலெல்லாம் கறுப்பு. சோப்புக்கும் போகவில்லையே?

சில்வர் நைட்ரேட் கைவரிசை. தோலில் பட்டு, வெளிச்சமும் சேர்ந்ததும் நுண்ணிய வெள்ளித் துகளாகப் படிந்துவிடுகிறது. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். மேல்தோல் உரியும்போது சில நாளில் தானே போகும். கண்ணில் பட்டால்தான் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மகளை அந்த பாட்டிலைத் தொட விடாதீர்கள்.

சில்வர் குளோரைடு வீழ்படிவை ஜன்னலோரம் வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஊதா கலந்த சாம்பல் நிறமாகும். பழைய போட்டோ பிலிம் வேலை செய்ததே இந்த வகை வெள்ளி உப்புகளின் குணத்தால்தான். மகளிடம் சொல்லுங்கள், கறை போனபின்னும் இது நினைவில் இருக்கும்.

இல்லத்தரசி, தூத்துக்குடி: அயோடின் உப்பைக் கரைத்து சில்வர் நைட்ரேட் விட்டான் மகன். மஞ்சள் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றினாரா?

கடைக்காரரை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், அயோடைடு அல்ல. வெள்ளி அயோடேட்டும் வெள்ளைதான். அதுவும் நம் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருந்தால் போதும் என்பது விதி. அத்தனை குளோரைடு நடுவே அது தலைகாட்ட முடியுமா? பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச், சிறிது நீர்த்த அமிலம் மூன்றையும் உப்பின் மேல் விடச் சொல்லுங்கள். அயோடேட்டும் அயோடைடும் சேர்ந்து அயோடினாக மாறும், ஸ்டார்ச் நீலமாகும்.

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: உப்புக் கரைசல் என்றால் லிட்மஸ் அசையாதுதானே?

சமையல் உப்புக்கு அசையாது. நவச்சாரக் கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், சலவைச் சோடா சிவப்பை நீலமாக்கும். பிறந்த வீட்டில் அமிலம், காரம் இரண்டில் எது வலுவோ அதன் குணம் தங்கிவிடுகிறது.

பிளஸ் டூ மாணவி, கரூர்: சுடர் சோதனையில் எதை வைத்தாலும் மஞ்சள்!

துளி சோடியம் போதும், மற்ற நிறத்தை மறைத்துவிடும். விரல் வியர்வையிலும் அது உண்டு. கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் நிறம் தோன்றாத நிலை வரும்வரை சுடுங்கள். பொட்டாசியத்தின் ஊதாவைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பாருங்கள்.

பிளஸ் டூ மாணவர், விருதுநகர்: பக்கத்து மேஜை நண்பன் விடையைச் சொல்லிவிட்டான். அப்படியே எழுதட்டுமா?

அவனுக்குக் கொடுத்த உப்புதான் உங்களுக்கும் என்று யார் சொன்னது? உங்கள் குழாயில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.